முதலில் மூக்கைப் பழக்குங்கள்

ஹோட்டல்களிலும் பயணிகள் கப்பல்களிலும் விருந்தினருக்கு ஒயின் எடுத்துக் கொடுக்கும் வேலையில் என் காலம் கழிந்தது. ஓய்வுபெற்று மதுரை வண்டியூரில் குடியமர்ந்த பிறகு பிள்ளைகள் வீடு தேடி வருகிறார்கள். சிலர் கேட்டரிங் படிக்கிறவர்கள். சிலர் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை கிடைத்து, அலுவலக விருந்தில் முதன்முதலாக ஒயின் கிளாஸைக் கையில் வாங்கியவர்கள். “மாமா, எது நல்ல ஒயின்? எங்கே வாங்குவது? இத்தனை பெயரையும் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு வாயால் சொல்லிவந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். தமிழ்நாட்டில் மது அருந்தச் சட்டம் வைத்திருக்கும் வயது 21. அது நிரம்பாதவர்கள் மூக்கைப் பற்றியும் திராட்சைக் கொடியைப் பற்றியும் சொல்வதை இப்போதே பழகலாம். மற்றது காத்திருக்கட்டும்.

1. இது உங்களுக்கு வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

குடி எத்தனை வீடுகளின் அடுப்பை அணைத்திருக்கிறது என்று நம் தெருவில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவோ தாத்தாவோ குடிக்கு அடிமையாக இருந்த வீட்டுப் பிள்ளை என்றால் இந்தப் பக்கமே வராதீர்கள். அந்தச் சாய்வு பரம்பரையாக வரக்கூடியது. கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தூக்க மாத்திரையோ வலிப்பு மாத்திரையோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், இவர்களுக்கு ஒரு வாய்கூட வேண்டாம். ரெட் ஒயின் குடித்தால் மேனிக்கு நிறம் கொடுக்கும், பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்று ஒரு பேச்சு இன்னமும் உலவுகிறது. படித்த பெண்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அது முழுப் பொய். நிறம் வராது, ஆல்கஹால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இதயத்துக்கு நல்லது என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். எந்த அளவு மதுவையும் உடலுக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்துவிட்டது. ருசிக்காகக் கொஞ்சம் ஆபத்தை ஏற்றுக்கொள்கிறோம் என்ற தெளிவோடுதான் கிளாஸைத் தொட வேண்டும்.

“ஒயின்தானே, ஜூஸ் மாதிரி” என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 13 சதவீத ஆல்கஹால் உள்ள 750 மில்லி பாட்டிலில் சுத்த ஆல்கஹால் ஏறத்தாழ 97 மில்லி. 42.8 சதவீத பிராந்தி ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மில்லியில், 77 மில்லி. ஒரு பாட்டில் ஒயினைத் தனியாளாக முடித்தவர் குவார்ட்டரைத் தாண்டிப் போய்விட்டார். ஒரு பாட்டில் ஐந்து பேருக்கு, ஆளுக்கு 150 மில்லி. அந்த அளவில் நிற்க முடியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குடித்த அன்று வண்டிச் சாவியைத் தொடவே கூடாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினாலே சட்டப்படி குற்றம். ரிங் ரோட்டில் லாரிகள் வருகிற வேகத்துக்கு அந்தச் சட்டமும் போதாது என்பேன்.

2. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போங்கள்.

ஒயினைப் பழகுவதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. நாக்குக்குத் தெரிவது புளிப்பு, இனிப்பு, கசப்பு, துவர்ப்பு, கனம் இவ்வளவுதான். மற்ற எல்லாம் வாசனை. வெளிநாட்டுப் புத்தகங்கள் எல்டர்ஃபிளவர், பிளாக்கரன்ட், கூஸ்பெரி என்று எழுதும். நம்மில் பெரும்பாலோர் அவற்றை முகர்ந்ததே இல்லை. முகராத பூவின் பெயரைக் குறிப்பேட்டில் எழுதி என்ன பயன்? மதுரைப் பிள்ளைக்கு வேறு செல்வம் இருக்கிறது. மல்லி, முல்லை, பிச்சி, சம்பங்கி, மரிக்கொழுந்து எல்லாம் பக்கத்திலேயே மூட்டை மூட்டையாக இறங்குகின்றன. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் பெயர் சொல்லப் பழகுங்கள். புவிசார் குறியீடு பெற்ற நம் மல்லியின் மொட்டைக் காலையில் முகர்ந்து பாருங்கள், பச்சை வாசனைதான் இருக்கும். அதே மொட்டை ஈரத்துணியில் வைத்திருந்து இருட்டிய பிறகு, அவிழும்போது முகருங்கள். ஒரே பூவின் வாசனை நேரத்தோடு மாறுவதை அறிந்தவருக்கு, கிளாஸில் ஊற்றிய ஒயின் அரைமணி நேரத்தில் மாறுவது தானே பிடிபடும்.

அடுத்து பழ மார்க்கெட். நாட்டுக் கொய்யா, பழுத்த அன்னாசி, எலுமிச்சைத் தோல், நாவல்பழம், விளாம்பழம். பிறகு கீழமாசி வீதி மளிகைக் கடைகள். மிளகு, கிராம்பு, பட்டை, சாதிபத்திரி, புளி, வெல்லம். மழை பெய்த மறுநாள் வண்டியூர்க் கண்மாய்க் கரையில் ஈரமண்ணையும் முகர்ந்து வையுங்கள். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை, வயது வரம்பும் இல்லை.

இந்த வாசனைகள் ஒயினில் இருக்கின்றன என்பது கற்பனைப் பேச்சு இல்லை. மஸ்கட் வகைத் திராட்சைக்கு மணம் தரும் லினலூல் என்ற பொருள் மல்லிகையிலும் உண்டு. சோவின்யோன் ப்ளாங் என்ற வெள்ளைத் திராட்சையில் குடைமிளகாயின் மணப்பொருளே இருக்கிறது. ஷிராஸ் என்ற கறுப்புத் திராட்சை ஒயினில் மிளகு வாசனை வருவது ஏன் என்று நெடுநாள் தேடிய ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், மிளகில் உள்ள ரோட்டன்டோன் என்ற அதே பொருள்தான் அங்கும் இருக்கிறது என்று 2008-ல் வெளியிட்டார்கள். அதோடு இன்னொன்றும் தெரியவந்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மூக்குக்கு அந்தப் பொருள் தெரிவதே இல்லை. ஆகவே பக்கத்தில் இருப்பவர் “மிளகு, மிளகு” என்று சிலாகிக்கும்போது உங்களுக்குத் தெரியவில்லை என்றால் தலையாட்டாதீர்கள். “எனக்கு வரவில்லை” என்று சொல்லுங்கள். இந்தத் துறையில் மூத்தவர்கள் மதிப்பது அந்த நேர்மையைத்தான்.

3. ஒருநாள் கம்பத்துக்குப் பஸ் ஏறுங்கள்.

உசிலம்பட்டி, தேனி, சின்னமனூர், உத்தமபாளையம் தாண்டினால் சாலையின் இருபுறமும் திராட்சைப் பந்தல். 1895-ல் பென்னிகுவிக் முடித்துக்கொடுத்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் அந்தப் பள்ளத்தாக்கை நனைத்துவிட்டு வைகையில் சேர்ந்து நம் வண்டியூரைக் கடந்து போகிறது. அந்தக் கொடிகளும் நாமும் ஒரே தண்ணீர். கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உலகம் அதை மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கிறது. மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியாவுக்கும் ஸ்கியாவா கிரோஸா என்ற ரகத்துக்கும் பிறந்த பிள்ளை, 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் உருவானது.

தோட்டக்காரரிடம் கேட்டு ஒரு பழம் வாங்கி இரு விரலால் பிதுக்குங்கள். தோல் கருநீலம், உள்ளே வருகிற சாறு கிட்டத்தட்ட நிறமற்றது. ஒயினின் பாதிப் பாடம் இதில் முடிந்துவிடும். தோலோடு சேர்த்து நொதிக்க விட்டால் ரெட் ஒயின். தோலைச் சில மணி நேரத்தில் பிரித்துவிட்டால் ரோஸ் நிறத்து ஒயின். பிழிந்த உடனே சாற்றைத் தனியாக எடுத்துவிட்டால் கறுப்புத் திராட்சையிலிருந்தும் வெள்ளை ஒயின் வரும். இப்போது தோலை மட்டும் மெல்லுங்கள். வாய் சுருங்குகிறதல்லவா, ரெட் ஒயினின் துவர்ப்பு அங்கிருந்துதான் வருகிறது. விதையைக் கடித்தால் அதைவிடக் கசக்கும்.

நம் பன்னீர் திராட்சை சாப்பிடுவதற்காக வளர்க்கப்படுவது. பந்தலில் நிறையக் காய்க்க வேண்டும், பழம் பருமனாக இருக்க வேண்டும். ஒயினுக்கு வேண்டியது வேறு. பழம் சின்னதாக, தோல் தடித்து, கொடிக்குச் சில கொத்துகளே இருக்க வேண்டும். சர்க்கரை 22, 24 பிரிக்ஸ் (சாற்றின் எடையில் சர்க்கரையின் சதவீதம்) ஏறும்வரை விட்டுப் பறிப்பார்கள். ஒரு லிட்டர் சாற்றில் உள்ள 17 கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்றால் சுமார் ஒரு சதவீத ஆல்கஹால் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை ஏறும்போது புளிப்பு இறங்கிவிடக் கூடாது, அதற்கு இரவு குளிர வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டர் உயரத்தில் இருக்கும் நாசிக்கும் அதைவிட உயர்ந்த நந்தி மலைப் பகுதியும் இந்திய ஒயினுக்கு ஊன்றுகோலாக இருப்பது அந்தக் குளிரால்தான்.

தோட்டக்காரரிடம் கொடியை வெட்டிவிடும் கவாத்து பற்றிக் கேட்காமல் திரும்பாதீர்கள். ஐரோப்பாவில் கொடி பனிக்காலத்தில் உறங்கி வசந்தத்தில் விழிக்கும், ஆண்டுக்கு ஒரே அறுவடை. நம் வெயிலில் கொடிக்கு உறக்கமே கிடையாது. எப்போது கவாத்து செய்கிறோமோ அப்போது துளிர்க்கிறது. அதனால்தான் கம்பத்தில் ஆண்டு முழுக்கப் பழம் கிடைக்கிறது. தவறான நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் செவட்டை நோயும் பழவெடிப்பும் வந்து குடும்பத்தின் ஓராண்டு உழைப்பு தரையில் கொட்டிப்போவதையும் அவர்தான் சொல்வார். பாட்டிலைப் பார்க்கும் முன் அவர் கையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், விலை அதிகம் என்று எளிதாகச் சலித்துக்கொள்வதில்லை.

4. ஒயின் நமக்கு அந்நியம் என்று கூச வேண்டாம்.

பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்று 56-ஆம் பாட்டில், யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் மகளிர் ஊற்றித் தர மகிழ்ந்திரு என்று வாழ்த்து வருகிறது. வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகில் உள்ள அழகன்குளத்தில், ஒயின் அடைத்து வந்த ஆம்போரா ஜாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. இரண்டு காது, கூரான அடி, கசியாமலிருக்க உட்புறம் பிசின் பூச்சு. மார்ட்டிமர் வீலர் 1945-ல் தோண்டிய அரிக்கமேட்டிலும் இவை ஏராளம். பிறகு 1606-ல் மதுரை வந்து சேர்ந்த பாதிரியார் ராபர்ட் தெ நோபிலிக்கும் பூசை வைக்கத் திராட்சை ஒயின் வேண்டியிருந்தது. பழத்திலிருந்து இயற்கையாக வந்த, கெடாத ஒயின்தான் பூசைக்கு ஆகும் என்று திருச்சபைச் சட்டம் இன்றும் சொல்கிறது. இதையெல்லாம் தெரிந்துகொள்வது பெருமையடிக்க அல்ல. கெடாத ஒயினை வெயில் ஊருக்குக் கொண்டுவந்து சேர்ப்பது எத்தனை பழைய சிக்கல் என்று புரிவதற்காக.

5. லேபிளில் நாலு விஷயம் பாருங்கள், மற்ற அலங்காரத்தை விடுங்கள்.

ஊர், ஆண்டு, திராட்சை ரகம், ஆல்கஹால் சதவீதம். ஆண்டு என்பது பழம் பறித்த ஆண்டு, பாட்டிலில் அடைத்த ஆண்டு அல்ல. பழசு எல்லாம் நல்லது என்று நம்பாதீர்கள். உலகில் தயாராகும் ஒயினில் பெரும்பகுதி ஓரிரு ஆண்டுகளுக்குள் குடிப்பதற்காகவே செய்யப்படுகிறது. இந்திய வெள்ளை ஒயினில் மூன்று ஆண்டைத் தாண்டியதைக் கண்டால் அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். ‘ரிசர்வ்’ என்ற சொல்லுக்கு ஸ்பெயினிலும் இத்தாலியிலும் சட்டப்படி பொருள் உண்டு. பல நாடுகளில் அது வெறும் விளம்பரம்.

6. வெயிலை மனதில் வைத்து வாங்குங்கள்.

தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில். சாதாரணக் கடைகளில் ஒயின் அபூர்வம், எலைட் கடைகளில்தான் ஓரளவு ரகங்கள் இருக்கும். ஒயினைக் கெடுப்பது வயதைவிடச் சூடு. 13 முதல் 15 டிகிரி வரை சீராக இருக்கும் இடம் அதற்குச் சுகம். சித்திரை வெயிலில் மதுரை 40-ஐத் தொடுகிறது. ஜன்னலோரம், ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே, தூசி படிந்து நிற்கிற பாட்டில் எந்த விலைக்கும் வேண்டாம். கார்க் மேலெழும்பியிருக்கிறதா, உறையின் ஓரத்தில் பிசுபிசுப்பு கசிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சூடேறி விரிந்த ஒயின் கார்க்கைத் தள்ளியதற்கு அது அடையாளம். குளிர்சாதன அறையில் இருக்கும் பாட்டிலைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதைப் பூட்டிய காரில் வைத்துவிட்டுச் சினிமாவுக்குப் போகாதீர்கள். ஒரு காட்சி முடிவதற்குள் அது வெந்துவிடும்.

வீட்டில் சேமித்து வைக்கும் ஆசை ஆரம்பத்தில் வேண்டாம். பரணும் பீரோவும் நம் ஊரில் அடுப்பு மாதிரி கொதிக்கும். அந்த வாரத்துக்கு ஒன்று வாங்கி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், போதும். வேறு மாநிலத்திலிருந்து பைக்குள் ஒளித்துக்கொண்டு வருவதும் வேண்டாம். அனுமதியில்லாமல் அது குற்றம்.

7. இந்திய ஒயினில் தொடங்குங்கள்.

இறக்குமதி ஒயினுக்கு நெடுங்காலமாக 150 சதவீதச் சுங்கவரி. அதன்மேல் மாநில வரி. வெளிநாட்டில் நடுத்தரமாக விற்கும் பாட்டிலுக்கு இங்கே உயர்ந்த ரகத்தின் விலை கொடுக்கிறோம். ஆஸ்திரேலியாவோடு போட்ட ஒப்பந்தம் 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தபின் அந்நாட்டு ஒயினுக்கு வரி படிப்படியாக இறங்குகிறது. அதைக் கவனித்துக்கொண்டே இருங்கள். வரி நன்றாக இறங்கும்வரை நம் நாட்டு ஒயின் உங்கள் பள்ளிக்கூடமாக இருக்கட்டும்.

1988-ல் நந்தி மலை அடிவாரத்தில் கன்வல் குரோவர் தொடங்கிய தோட்டமும், 1999-ல் ராஜீவ் சமந்த் நாசிக்கில் தொடங்கிய சூலாவும், சோலாப்பூர் மாவட்டம் அக்லுஜில் இத்தாலியர் கூட்டோடு வந்த ஃபிராடெல்லியும் இந்தியாவில் குடிக்கத் தகுந்த ஒயின் வரும் என்று காட்டின. முதலில் மூன்று பாட்டில், வெவ்வேறு மாதங்களில். ஷெனன் ப்ளாங், மெல்லிய இனிப்போடு பழவாசனை. சோவின்யோன் ப்ளாங், பளிச்சென்ற புளிப்பு, கொய்யாவும் பச்சை மிளகாயும் கலந்தாற்போல மணம். ஷிராஸ், நாவல்பழம், மிளகு, துவர்ப்பு. இந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்ல வரும்வரை நான்காவதுக்குப் போகாதீர்கள்.

8. ரெட் ஒயினையும் குளிர்விக்க வேண்டும்.

‘ரூம் டெம்பரேச்சர்’ என்று புத்தகத்தில் எழுதியவர் கல்வீட்டில் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவர். அவர் சொன்னது 16 முதல் 18 டிகிரி. நம் கூடத்தில் அது 33. ரெட் ஒயினையும் ஃபிரிட்ஜிலேயே குளிரவைத்து, பரிமாறுவதற்குச் சற்று முன் வெளியே எடுங்கள். வெள்ளையை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே ஊற்றுங்கள். ஐஸ்கட்டி போடாதீர்கள். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், மணம் தங்க இடம் வேண்டும்.

9. நம் சாப்பாட்டோடு சேர்த்துப் பழகுங்கள்.

சீஸையும் ஸ்டேக்கையும் தேடி ஓட வேண்டாம். மதுரைச் சமையலுக்கு ஏற்ற ஒயினைக் கண்டுபிடிப்பது என்னைப் பொறுத்தவரை இந்த வயதிலும் சலிக்காத வேலை. அடிப்படை இவ்வளவுதான்: ஆல்கஹால் அதிகமான ஒயின் மிளகாயின் காந்தலை ஏற்றிவிடும். துவர்ப்பு மிகுந்த ரெட் ஒயினும் காரமும் சேர்ந்தால் வாயில் கசப்புத் தங்கும். லேசான இனிப்பு காரத்தைத் தணிக்கும். புளிப்பு எண்ணெயை வெட்டும்.

கறிதோசைக்கு ரோஸ் நிறத்து ஒயின், நன்றாகக் குளிர்ந்தது. முட்டை, கொத்துக்கறி, எண்ணெய், தோசையின் மொறுமொறுப்பு நான்கையும் அது ஒன்றாகத் தாங்கும். கோலா உருண்டைக்கு நுரைக்கும் ஸ்பார்க்ளிங் ஒயின். பொரித்ததோடு அந்தக் குமிழி சேர்வதை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். மட்டன் சுக்காவும் நாட்டுக்கோழி மிளகு வறுவலும் ஷிராஸுக்கு உரியவை. மிளகு மிளகைத் தேடிப்போகும், கொழுப்பு துவர்ப்பை மழுக்கும். ஆனால் சமையல்காரர் மிளகாயைக் குறைத்து மிளகில் நிற்க வேண்டும். தூத்துக்குடியிலிருந்து வரும் கணவாய், வஞ்சிர வறுவல், இவற்றுக்கு எலுமிச்சை பிழிவதுபோல சோவின்யோன் ப்ளாங். சைவர்களுக்கு வாழைப்பூ வடையும் காளான் மிளகு வறுவலும் இருக்கின்றன. சில ஒயின்களைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கருவோ மீனிலிருந்து எடுத்த பொருளோ பயன்படுத்துவதுண்டு. அதில் கண்டிப்பானவர்கள் தயாரிப்பாளரின் விவரத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

அயிரை மீன் குழம்புக்கு எந்த ஒயினும் வேண்டாம். அந்தப் புளியின் முன் எல்லா ஒயினும் தண்ணீராகிவிடும். குழம்பும் சோறுமே முழு விருந்து, அதற்குத் துணை தேடுவது குழம்புக்குச் செய்யும் அவமரியாதை என்றே சொல்வேன். ரசம், மோர், ஜிகர்தண்டா இவற்றையும் தனியே விடுங்கள்.

10. கெட்டதை அடையாளம் காணப் பழகுங்கள்.

நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் கார்க்கில் உண்டான கோளாறு. காடி வாசனை வந்தால் காற்றுப் பட்டுப் புளித்துவிட்டது. பழப்பாகும் உலர்திராட்சையுமாக மட்டும் மணத்தால் வெயிலில் வெந்தது. நம் ஊரில் அதிகம் பார்ப்பது இதைத்தான். ஹோட்டலில் இப்படி வந்தால் மரியாதையாகத் திருப்பிக் கொடுங்கள். பரிமாறுபவர் முதலில் கொஞ்சம் ஊற்றி உங்கள் முகத்தைப் பார்ப்பது அதற்காகத்தான். பிடிக்கவில்லை என்பது வேறு, கெட்டிருக்கிறது என்பது வேறு. முன்னதற்காகத் திருப்பக் கூடாது. திறந்த பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று, நான்கு நாள் தாங்கும். அதனால் முடித்தே ஆக வேண்டும் என்று யாரையும் வற்புறுத்தாதீர்கள்.

11. பாட்டிலுக்குச் செய்தித்தாள் சுற்றுங்கள்.

நாலு பேர் சேருங்கள். ஆளுக்கு ஒரு பங்கு போட்டு இரண்டு பாட்டில் வாங்குங்கள், லேபிள் தெரியாமல் தாள் சுற்றி ஊற்றுங்கள். ருசி பார்த்துவிட்டுத் துப்புவதற்கு ஒரு டம்ளர் வைத்துக்கொள்ளுங்கள். தொழில்முறைச் சுவைஞர்கள் எல்லாரும் துப்புகிறார்கள், அதில் கௌரவக் குறைவு இல்லை. ஆளாளுக்குத் தனியாக எழுதிய பிறகுதான் வாய் திறக்க வேண்டும். ஏனென்றால் கண்ணும் விலையும் காதும் நாக்கை ஏமாற்றும். பிரான்சின் போர்டோவில் 54 பேரிடம் வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் ரெட் ஒயினுக்கு எழுதும் சொற்களையே எழுதினார்கள். 2001-ல் வெளியான ஆய்வு அது. அவர்கள் ஒயின் படிப்பு மாணவர்கள். 1976 மே மாதம் பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் பெயர் மறைத்துக் கொடுத்த ஒயின்களில், பிரெஞ்சு நடுவர்களே வெள்ளையிலும் சிவப்பிலும் கலிபோர்னியாவுக்கு முதலிடம் கொடுத்துவிட்டார்கள். அன்று அந்த நடுவர்கள் லேபிளைப் பார்த்திருந்தால் கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கின் வரலாறே வேறு.

குறிப்பேட்டில் தமிழில் எழுதுங்கள். ‘பிச்சிப்பூ, பச்சைக் கொய்யா, முடிவில் லேசான கசப்பு’ என்று எழுதினால் பத்து வருடம் கழித்துப் படித்தாலும் அந்த ஒயின் உங்கள் மூக்கில் வந்து நிற்கும்.

12. வீட்டில் போட வேண்டாம்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் பன்னீர் திராட்சையும் சர்க்கரையும் பானையில் போட்டு மூடி வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். மூடி இறுக்கிய ஜாடி வாயு அழுத்தத்தில் வெடிக்கும் ஆபத்தும் இருக்கிறது. அந்தத் திராட்சையை அப்படியே சாப்பிடுங்கள்.

13. உலகத்தோடு ஓடிப் பிடிக்கத் திட்டமாகப் படியுங்கள்.

ஜான்சிஸ் ராபின்சன் தொகுத்து 1994-ல் முதலில் வந்த ‘ஆக்ஸ்ஃபோர்ட் கம்பானியன் டு ஒயின்’ நூலகத்தில் கிடைத்தால் அகராதிபோலப் புரட்டுங்கள். அவரும் வேறு இருவரும் சேர்ந்து 2012-ல் எழுதிய இன்னொரு நூலில் 1,368 திராட்சை ரகங்கள் இருக்கின்றன. அதைப் பார்த்து மலைக்க வேண்டாம், மாதம் ஒரு ரகத்தைப் பிடியுங்கள். இந்தத் தொழிலிலேயே போகப்போகிற பிள்ளைகள், 1969-ல் லண்டனில் தொடங்கிய டபிள்யூ.எஸ்.இ.டி. என்ற ஒயின் கல்வி நிறுவனத்தின் தேர்வுகளை எழுதுங்கள். முதல் மூன்று நிலைகளை இந்தியாவிலேயே படிக்கலாம். அதற்கும் மேலே மாஸ்டர் ஆஃப் ஒயின் என்ற பட்டம். 2016-ல் சோனல் ஹாலண்ட் அதைப் பெற்ற முதல் இந்தியர் ஆனார். நம் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி அந்தத் தேர்வு அறையில் உட்கார வேண்டும் என்பது என் ஆசை. மல்லிக்கும் முல்லைக்கும் பிச்சிக்கும் இருட்டில் வித்தியாசம் சொல்லத் தெரிந்த பெண்ணுக்கு அது எட்டாத தூரமில்லை.

புது லேபிள்களைத் துரத்துவதைவிடப் பருவத்தைக் கவனியுங்கள். பிரான்சின் போன் நகரில் 1354 முதல் அறுவடை தொடங்கிய தேதிகளைக் குறித்து வைத்திருக்கிறார்கள். 1988-க்குப் பிறகு அங்கே முன்னைவிடச் சராசரியாக 13 நாள் முந்தியே பழம் பறிக்கிறார்கள் என்று 2019-ல் கணக்கிட்டுச் சொன்னார்கள். குளிர் நாடான இங்கிலாந்தில் இன்று நல்ல ஸ்பார்க்ளிங் ஒயின் வருகிறது. கம்பத்துத் தோட்டக்காரர் மழையைப் பற்றிச் சொன்னதையும் இதையும் சேர்த்து யோசியுங்கள். அடுத்த முப்பது ஆண்டில் எந்த ஊர் ஒயின் எழும், எது விழும் என்பது இதில் இருக்கிறது.

நாசிக்கை நேரில் பார்க்கப் போவதானால் மாதம் பார்த்துப் போங்கள். செப்டம்பர், அக்டோபரில் கவாத்து, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. பிப்ரவரியில் போனால் கொடியில் பழத்தைக் கடித்துவிட்டு, பக்கத்துத் தொட்டியில் அதே பழச்சாறு நொதிக்கிற வாசனையையும் பிடிக்கலாம். ஏப்ரலில் போனால் மொட்டைக் கொடிதான் இருக்கும், டிக்கெட் காசு வீண்.